பச்சை அம்பும் ஹாரனும்

வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடும் போலந்து நாட்டு லுப்ளின் நகரில், சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை அம்பு எரியும். வலப்பக்கம் திரும்பலாம், ஆனால் வண்டியை முழுசாக நிறுத்திய பிறகுதான் என்பது சட்டம். நிறுத்துகிற மகராசனைத்தான் நான் கண்டதில்லை. என் கணவர் ஸெனெக் சொல்லிக்கொடுத்தபடி ஓட்டி, போன ஓட்டுநர் தேர்வில் அந்த அம்பில்தான் கோட்டைவிட்டேன்.

எங்கள் கிராமத்துக்கு வந்த பேருந்தை நிறுத்திவிட்டார்கள். உரிமம் கிடைக்காவிட்டால் என் ஆஸ்பத்திரி வேலை அவ்வளவுதான்.

"அம்புல நின்னா பின்னாடி வர்றவன் திட்டுவான், பொக்னா. உருட்டிக்கிட்டே போயிடணும்" என்றார் ஸெனெக்.

"அப்புறம் எதுக்கு நிக்கச் சொல்றாங்களாம்?"

"ம்க்கும், சும்மா சொல்லி வைக்கிறதுதான்!"

அந்த 'சும்மா' என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை அந்தச் சந்திப்பின் நடைபாதையில் நின்று ஓட்டுகிறவர்களின் முகங்களையே கவனித்தேன். அத்தனை பேரும் இடப்பக்கமிருந்து வரும் கார்களைப் பார்த்தபடியே வலப்பக்கம் திரும்பினார்கள். வலப்பக்க ஓரத்திலிருந்து சாலையில் கால் வைப்பவர் யார் கண்ணிலும் படவில்லை. அடப்பாவிகளா, நிற்கச் சொன்னது தலையை அந்தப் பக்கமும் திருப்பத்தானா!

மறுபடி தேர்வு. பக்கத்தில் தேர்வாளர் அம்மாள். அம்புக்கு முன்னால் முழுசாக நிறுத்தினேன். உடனே பின்னால் ஹாரன் அலறியது. போய்த் தொலையலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் வலப்பக்கம் பார்த்தேன். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தாள். மறுபடி ஹாரன். கண்ணாடியில் பார்த்தால் எங்கள் வீட்டு நீலக் கார்! தேர்வு மைய வாசலிலேயே காத்திருக்கிறேன் என்ற மனிதர் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"யாருங்க அந்த லூசு?" என்றார் தேர்வாளர்.

"தெரியலையே மேடம்" என்றேன். அந்தப் பெண் கடந்து போன பிறகே திரும்பினேன்.

தேறிவிட்டேன். வாசலில் ஸெனெக்கின் முகம் வெளுத்திருந்தது.

"அந்தக் குழந்தை வண்டிய நான் பாக்கவே இல்ல, பொக்னா. உன் முன்னாடி அது வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

வீடு திரும்பும் வழியில் அதே அம்பு. ஸெனெக் காரை முழுசாக நிறுத்தி, வலப்பக்கம் பார்த்தார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"யாருடா அந்த லூசு?" என்று கத்தினார் என் கணவர்.