தீமை பெறுபவர்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சுந்தரவடிவுக்குப் பயம். ஏழாம் வகுப்போடு நின்றவள். பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மருந்தின் நன்மை ஒருவருக்கும் தீமை இன்னொருவருக்கும் போகும். சீட்டில் இரண்டு கட்டங்கள்: நன்மை பெறுபவர், தீமை பெறுபவர். இரண்டாவது கட்டத்தில் பெண்டாட்டி பெயரை எழுதுவது ஊர் ஆண்களின் வழக்கம். அவள் கணவன் பிச்சையாவும் எழுதினான். அவன் பிரஷர் மாத்திரை போட்டான். இவள் வறட்டு இருமல் இருமினாள். அவன் முழங்கால் வலிக்குப் போட்டான். இவளுக்கு வயிறு எரிந்தது. கொழுப்புக்குப் போட்டதில் இவளுக்குத் தொடை பிடித்துக்கொண்டு பஸ் படி ஏற முடியவில்லை. கேட்டதற்கு, தான் நாள் முழுக்க ஜவுளிக்கடையில் நிற்கிறவன் என்றான்.

“ஏளா, நீ வீட்டுலதான இருக்கெ. இருமுனா யாருக்கு நஷ்டம்?”

இப்போது அவனுக்குத் தூக்க மாத்திரை எழுதியிருந்தது. அதன் தீமை, பகலெல்லாம் தலைசுற்றல். அடுப்பின் முன்னால் தலைசுற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

மருந்தாளுநர் செல்வின் வழக்கம்போல மாத்திரையைத் தராசில் போட்டுப் பார்த்தார். நன்மை முன்னூறு கிராம், தீமை இருநூறு. கொடுக்கலாம் என்றார்.

“யாருக்கு நன்மை, யாருக்குத் தீமைன்னு அந்தத் தராசுக்குத் தெரியுமா?”

“தராசுக்கு எடைதான்க்கா தெரியும்.”

வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயரை மாற்றச் சொன்னாள். அதற்கு நன்மை பெறுபவரின் கையெழுத்து வேண்டும். அவன் போடமாட்டான். தீமையை யாருக்கெல்லாம் கொடுக்கக்கூடாது என்று கேட்டாள். செத்தவர்களுக்கு, ஊரில் இல்லாதவர்களுக்கு, மருந்துகளுக்கு என்றார். சாக அவளுக்கு மனமில்லை. பஸ் ஏறக் கால் இல்லை.

“அப்ப என்னை மருந்தாச் சேத்துக்கோங்க.”

செல்வின் பதிவேட்டைத் திறந்து அவளுடைய நன்மை என்ன என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அரைமணி நேரம் எழுதினார். பிறகு தீமை என்ன என்றார்.

“இதுவரைக்கும் இல்ல. இனிமேத்தான்.”

அதையும் அப்படியே எழுதி, அவள் மணிக்கட்டில் காலாவதித் தேதியைக் குத்தினார்.

வடிவு கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் புட்டிகளை நகர்த்திவிட்டு, சேலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். இருமல் நின்றிருந்தது. மாலையில் பிச்சையா புதுச் சீட்டோடு வந்தான். அதில் அவளைத் தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன் கொடுக்கவும் என்று எழுதியிருந்தது. அவள் கதவை உள்ளிருந்து பூட்டி, ‘இருப்பு இல்லை’ என்ற அட்டையைக் கண்ணாடியில் சாய்த்துவைத்தாள்.