காலி செய்யாத அறை

பெட்டிகளோடு படியிறங்கும்போது கீழ்வீட்டுத் தையல்காரர் வழியை மறித்துக்கொண்டு, "குடும்பத்தோட எந்தப் பக்கம் பயணம்?" என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் கொஞ்சமும் கூசாமல், "ஏரிப் பக்கம்ணே, கொஞ்சம் தூரந்தான்" என்றான். தூரமாவது ஒன்றாவது. வீட்டு வாசலில் ஏறினால் அதே ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏரிக்கரையில் போய் மூச்சு வாங்கும் டவுன் பஸ்தான். அந்தக் கடைசி ஸ்டாப்பில் இருக்கும் லாட்ஜில் மூன்று நாள் தங்குவதற்குப் பெயர் சுற்றுலா. மழை வரப்போகிற மாதங்களில் அங்கே ஈ காக்கை எட்டிப் பார்க்காது, அதனால் வாடகையும் பாதி. ரொட்டியும் அவித்த முட்டையும் வீட்டிலிருந்தே வந்துவிட்டன. இப்படி ஒரு பயணத்தைத் தன்னைத் தவிர வேறு எவனாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவது மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் கட்டடங்களுக்கு நடுவில் நீலமாக ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

"அது நம்ம மொட்டை மாடித் தொட்டி," என்று மெக்கானிக் மகளைத் தூக்கிக் காட்டினான். தூக்குகிற வயதெல்லாம் தாண்டி, பத்து வயதாகிவிட்டது அவளுக்கு. "நம்ம வீட்டுல இருந்துகிட்டு நம்ம வீட்டைப் பாக்க முடியுமா? முடியாதில்ல? அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது."

குட்டி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டில் விரிப்பின் மூலையை இழுத்துச் செருகினாள். அது கையின் பழக்கம். ஊருக்கு நடுவில் இருக்கும் பெரிய ஓட்டலில் அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒருவர் காலி செய்துவிட்டுப் போன அறையில் அடுத்தவர் நுழையும்போது, இதற்கு முன்னால் இங்கே ஒரு மனிதப் பிறவி மூச்சு விட்டிருக்கும் என்றே தோன்றக் கூடாது. சோப்பில் ஒட்டிய முடி, கண்ணாடியில் விரல் தடம், தலையணையில் விழுந்த குழி என்று எதுவும் மிஞ்சக் கூடாது. அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கஞ்சத்தனமாகத்தான் பாராட்டுவார் அவளுடைய சூப்பர்வைசர், அவரே ஒருமுறை, "நீ தொடச்ச ரூம்ல யாருமே பொறந்து வளரல போல இருக்கு" என்றார்.

அந்தக் கைதான் வீட்டிலும் வேலை செய்துவிட்டது.

அவளுடைய தங்கை அவர்களோடுதான் இருந்தாள். குட்டிக்கும் சித்திக்கும் ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே போர்வைக்கு இழுபறி. போன மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் திரும்பி வரவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாலையே அக்காக்காரி அந்த அறைக்குள் நுழைந்தாள். விரிப்பு, உறை, போர்வை எல்லாவற்றையும் உருவினாள். துணிகளை மூட்டை கட்டித் தெருக்கோடியில் யாருக்கோ கொடுத்தாள். சீப்பைக் குப்பையில் போட்டாள், அலமாரியை உள்ளும் புறமும் துடைத்தாள், தரையை இரண்டு தடவை மெழுகித் துடைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டில் விட்டிருந்த குட்டியைக் கூட்டி வந்தபோது அறை ஓட்டல் அறையாக இருந்தது. குழந்தை வாசற்படியிலேயே நின்று பார்த்தது. உள்ளே வரவில்லை. அழவும் இல்லை.

அன்றிலிருந்து அவள் அம்மாவிடம் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் அப்பா வழியாகத்தான். "அப்பா, அம்மாவ என் சாக்ஸ் எங்கன்னு கேளு." அம்மா பக்கத்தில்தான் நிற்பாள். மெக்கானிக்கும் சளைக்காமல் திரும்பி, "சாக்ஸ் எங்கன்னு கேக்குறாங்க" என்பான். ஆரம்பத்தில் விளையாட்டாக இருந்தது, பிறகு வழக்கமாகிவிட்டது. இந்த மூன்று நாளில் மகள் ஒரு வார்த்தையாவது முகம் பார்த்துப் பேசிவிட மாட்டாளா என்றுதான் அவள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அதை ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. ஆசைப்படுகிற இடம் மரத்துக் கிடந்தது.

முதல் நாள் மிதிபடகு. ஏரி முழுக்க இவர்கள் படகு ஒன்றுதான். "அப்பா, அம்மாவ இந்தப் பக்கம் தள்ளி உக்காரச் சொல்லு, படகு சாயுது." சொல்லப்பட்டது, தள்ளி உட்கார்ந்தாள். மெக்கானிக் மிதித்த மிதியில் படகு முன்னால் போவதற்குப் பதில் சுற்றிச் சுற்றி வந்தது. "மேலயும் கீழயும் போனாத்தான் எனக்கு ஓட்டத் தெரியும். இது பக்கவாட்டுல போனா நான் என்ன பண்றது?" என்றான். குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கரையில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றார்கள். அம்மாவுக்கும் ஒன்று. குளிர் பல் வரைக்கும் போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. நல்ல நாள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தவர் வீட்டு நல்ல நாளை ஜன்னல் வழியாகப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் டீக்கடை தேடி முன்னால் இறங்கிவிட்டார்கள். அறையில் அவள் தனியாக இருந்தாள். தனியாக விட்டால் அவள் கை சும்மா இருக்குமா? விரிப்பை உதறி, நாலு மூலையும் மடித்துச் செருகி, தலையணைகளை மேலாகத் தட்டி நிமிர்த்தி வைத்தாள். ஈர டவல்களை ஜன்னலில் காயவைத்து, மடித்துக் கம்பியில் போட்டாள். குளியலறைச் சுவரில் ஒரு துளித் தண்ணீர் இல்லாமல் துடைத்தாள். குப்பையைத் தானே கீழே கொண்டுபோய்க் கொட்டினாள். வெளியே கிடந்த துணிகளைப் பெட்டிக்குள் அடுக்கி, பெட்டிகளை அலமாரியின் மேல்தட்டில் உள்தள்ளி வைத்தாள். சாவியை ரிசப்ஷனில் கொடுத்துவிட்டுப் போனாள். லீவில் வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு நடுவில் ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

ஏரிக்கரைப் பூங்காவில் ஊஞ்சல் இருந்தது, ரொட்டி இருந்தது, முட்டைக்கு உப்புத்தான் இல்லை. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. தலையில் பையைக் கவிழ்த்தபடி ஓடி வந்து ரிசப்ஷனில் சாவி கேட்டார்கள். காலையில் இருந்தவர் இல்லை. புதிதாக ஒரு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரூம் காலியாயிடுச்சேங்க," என்றார் அவர்.

"நாங்க இங்க நிக்கிறோம். எப்படிக் காலியாகும்?" என்றான் மெக்கானிக்.

"சாவி கீழ இருந்துச்சு. ரூம் ரெடின்னு பொண்ணு சொல்லுச்சு. வேற ஆள் வந்து தூங்கிட்டே இருக்காங்க."

அறை கூட்டும் பெண்ணைக் கூப்பிட்டார்கள். சின்னப் பெண், வாளியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்தாள். "படுக்கை கலையலண்ணே. டவல் மடிச்சபடி இருந்துச்சு. பாத்ரூம் காஞ்சு கெடந்துச்சு. வெளிய ஒரு துணிமணி இல்ல. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, வேற யாரோ சுத்தம் பண்ணி முடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்," என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

மெக்கானிக் ஒரு நிமிடம் முழித்துவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தான். "இவ கை பட்டா அப்படித்தாம்மா. நாங்க இருந்த தடமே இருக்காது."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. துடைக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"என் தலையணை," என்றாள் குட்டி.

"வேற தலையணை குடுப்பாங்கடா."

"வேற வேணாம். அதுதான் வேணும்." குட்டி அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கு லிஃப்ட்தான் தெரியும், இதெல்லாம் தெரியாது. சட்டென்று அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, ஆள் மாறினா உறைய மாத்திடுவாங்களா?"

அம்மா. மழைக்காலம் போய், வெயில் போய், அடுத்த மழை வந்துவிட்டது, இந்தச் சொல்லைக் கேட்க. ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. கேள்விக்குப் பதில் அவளுக்குத்தான் தெரியும். ஆள் மாறினால் உறை மாறியே ஆகும். அது விதி. கழற்றிய உறை மூட்டையில் போகும், மூட்டை மெஷினுக்குப் போகும். வேலைக்கு வரும் புதுப் பெண்களுக்கு அதை அவளே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"உறை மாத்தினியா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

அவள் திருதிருவென்று முழித்தாள். "மாத்தணுங்கக்கா. ஆனா அப்பதான் போட்டது மாதிரி இருந்துச்சு. அதனால கை வைக்கல. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். நல்ல வேல பண்ணின."

தன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருமென்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மூன்றாவது மாடிக்கு அவளே ஏறிப் போனாள். கதவைத் திறந்தவர் ரிட்டயரான மனிதர், பனியனோடு நின்றார், தூக்கம் கலையவில்லை. "ரூம் எங்களுதுன்னு சண்டைக்கு வந்தா பதில் சொல்லலாம். தலையணையைக் கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்றார். உள்ளிருந்து அவர் மனைவி, "எடுத்துட்டுப் போகட்டும். அதுக்குள்ள என்னவோ கட்டியா இருக்கு, தலைக்கு ஆகல. கால்மாட்டுல கெடக்கு பாருங்க" என்று குரல் கொடுத்தார். பெட்டிகளும் மேல்தட்டிலிருந்து இறங்கின.

வராந்தாவில் நின்று உறைக்குள் கை விட்டாள். பஞ்சுக்கு அடியில் சுருட்டி வைத்த துணி ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தபோது தெரிந்துவிட்டது. தங்கை இரவில் போடும் சட்டை. தோளில் தையல் விட்டுப்போன, வெளுத்த மஞ்சள் சட்டை. எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதற்கு முன்பே மகள் இதை எடுத்து ஒளித்திருக்கிறாள். சுற்றுலா வந்த இடத்துக்கும் கொண்டு வந்திருக்கிறாள்.

குட்டி படி முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துவைக்கப் போறியா?"

"இல்ல," என்றாள்.

மேல்மாடியில் மற்ற அறைகளெல்லாம் மழைக்கு ஒழுகுகின்றன என்று சொல்லிக் கொடுத்த மாற்று அறை தரைத்தளத்தில், பின்பக்கம், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில். ஜன்னலைத் திறந்தால் ஒரு மதில் சுவர். மெக்கானிக் பெட்டிகளை வைத்துவிட்டுக் கதவருகே கொஞ்சம் நின்றான். "லிஃப்ட் சத்தம் சரியில்ல. பாத்துட்டு வந்துடறேன்," என்றான். லிஃப்ட்டுக்கு ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கட்டிலில் அவளும் மகளும் மட்டும். நடுவில் சட்டை. மழை மதிலில் அடித்துக்கொண்டிருந்தது.

"மோந்து பாரு," என்றாள் குட்டி.

அவள் சட்டைத் தோளின் விட்டுப்போன தையலைத் தடவினாள்.

"எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் வர்றதில்ல. உனக்கு வருதான்னு பாரு."

சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். மூச்சை உள்ளே இழுத்தாள். லாட்ஜ் சோப்புப் பவுடர், உறையிலிருந்து ஒட்டியது. மகளின் தலை வாசனை. பஞ்சு. மறுபடி இழுத்தாள். அவ்வளவுதான். எந்தத் துணியில் எவர் வாசனை மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அழிப்பதே தொழிலாக இருந்த மூக்கு அது. அது தப்பாகச் சொல்லாது.

"வருதா?"

வருது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"இல்லடா. வரல."

குட்டி தலையாட்டினாள், முன்பே தெரிந்திருந்தது போல. பிறகு உதடு கோணியது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் எங்கோ வலிக்க ஆரம்பித்தது. சம்மணம் போட்டு மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது வலிக்குமே, அந்த மாதிரி.

"அன்னைக்கு எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல. கை தானா செஞ்சுடுச்சு. உன்னக் கேட்டிருக்கணும்," என்றாள்.

குட்டி சட்டையின் விளிம்பை விரலில் சுற்றினாள். "சித்தி மேல என்ன வாசனை வரும்? எனக்கு மறந்துட்டே வருதும்மா" என்றாள்.

"செருப்புக் கடையில வேலைக்கு நின்னுட்டு வருவால்ல. சாயங்காலம் உள்ள நுழைஞ்சா புதுச் செருப்புப் பெட்டி வாசனைதான். போய்க் குளிடின்னு திட்டுவேன்."

"குளிக்காமயே வந்து என் பக்கத்துல படுத்துக்குவாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லுவாங்க."

"தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்குவேன்." அவள் சட்டையை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பெட்டி வாசனையோட இன்னொரு வாசனையும் இருக்கும். காரமா. அது வந்து..."

அது வரவில்லை. கூடப் பிறந்தவள். தேடத் தேட வெறும் துடைத்த தரையாக இருந்தது. அன்று வராத கண்ணீர் இப்போது சொல்லாமல் கொள்ளாமல் வந்து முகமெல்லாம் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

குட்டி நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிராம்பும்மா," என்றாள். "பல்வலிக்குன்னு எப்பவும் வாயில போட்டிருப்பாங்க."

"ஆமா," என்றாள் அவள், தேம்பலுக்கு நடுவே. "ஆமாடி. கிராம்பு."