நான்கு படங்களில் ஒரு சுவர்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே ஒரு டீக்கடையில், சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வெற்றிவேல் என்னிடம் சொன்னது. கேட்கக் கேட்க எனக்கு முகம் சுட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வரியாக எழுதியது: "வெற்றிவேல் கெட்டவன் அல்ல, ஆனால்..." அடித்துவிட்டேன். அவன் செய்தது ஒன்பது நிமிட வீடியோ. அவ்வளவுதான்.

இன்னொரு தொடக்கம்: "புதிய கேம் கன்சோலின் முதல் நான்கு படங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை வெளியாயின." இது தேவலை.

2.

டிவியில் மாட்டி விளையாடும் அந்தக் கன்சோல் பெட்டி கடைக்கு வர ஐந்து மாதம் இருந்தது. அதோடு வரப்போகும் கேமிலிருந்து நான்கு ஸ்கிரீன்ஷாட்களை மட்டும் விட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாவித்திரி நடத்தும் அதே டீக்கடைச் சுவரில் சாய்ந்து நின்று, வெற்றிவேல் அவற்றைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தான்.

அவனுக்கு இருபத்தேழு வயது. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் தரம் பார்ப்பவன். சூளையிலிருந்து வந்த பொம்மையை விளக்கடியில் ஒருமுறை திருப்புவான். மெருகில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் ஒதுக்கிவிடுவான். மாலையில் யூடியூபில் கேம் கிராபிக்ஸ் பற்றிப் பேசுவான். ஆறாயிரம் பேர் கேட்டார்கள். அவன் கண்ணை நம்பினார்கள்.

சாவித்திரி டீயை நீட்டினாள். அவன் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ஏம்பா, டீக்கும் மார்க் போடப்போறியா? குடிச்சிட்டுச் சொல்லு."

"கிளாஸுல கீறல் இருக்குதுக்கா."

"என் மூஞ்சிலகூடத்தான் இருக்குது. பேசாம குடி."

3.

மூன்றாவது படத்தில் மழை ஓய்ந்த ஒரு தெரு. ஓரத்தில், உடைந்த பீங்கான் துண்டுகள் பதித்த சுவர். அன்று மாலை வீடியோவில் அந்தச் சுவரைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பேசினான்.

"இந்தச் சுவர பாருங்க. மெருகு இருக்குது, பளபளப்பு இல்ல. வெளிச்சம் மேல பட்டு அப்டியே செத்துப்போவுது. பீங்கான்ல வேலை செய்றவன் சொல்றேன், இப்டி ஒரு சுவரு எந்த ஊர்லயும் கிடையாது. இது புது கன்சோலாம். என் பழைய போன்ல இத வுட நல்லா வரும்."

இந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பலர் பரப்பினார்கள்.

(நானும் பரப்பினேன். சிரித்துக்கொண்டே மூன்று வாட்ஸப் குழுக்களுக்கு அனுப்பினேன். முகம் சுட்டது இதனால்தான்.)

ஒரு குறிப்பு. வெற்றிவேலின் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மெருகு பூசி, சூளைக்குப் போகாத பொம்மையை யாரும் நல்லது, மோசம் என்று சொல்வதில்லை. நீல மெருகு அப்போது வெளிறிய ரோஜா நிறத்தில் மாவு பூசியதுபோல் இருக்கும். சுட்டால்தான் நீலம். வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தால் வெற்றிவேலே சொல்வான்: "பச்சையில பாத்துப் பேசாதீங்க சார். வெந்து வரட்டும்."

இந்தப் பொருத்தத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. அவனே சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

4.

தென்றல் அவனோடு பீங்கான் தொழில்நுட்பம் படித்தவள். இப்போது சென்னையில் வேலை. வெளிநாட்டு கேம்களுக்குச் சுவர், தரை, கல் செய்து தரும் கம்பெனி.

அவளுக்குச் சுருட்டை முடி என்று எழுதி அடித்தேன். நான் அவளைப் பார்த்ததில்லை. "கோபக்காரி" என்றும் எழுதினேன். அதையும் அடித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு போன் பேச்சு. வீடியோ வந்த மூன்றாவது வாரம்.

"வீடியோ பாத்தேன்டா."

"எப்டி இருக்குது?"

"நல்லாத்தான் பேசற. அந்தச் சுவரு நான் செஞ்சது."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"சாவித்திரி அக்கா கட சுவர பாத்துதான் செஞ்சேன். தினம் சாஞ்சிக்கினு டீ குடிக்கிறியே, அதேதான். நெசமா தெரியலயா?"

வெற்றிவேல் அப்போதும் அந்தச் சுவரில்தான் சாய்ந்திருந்தான். கம்பெனிகள் கழித்துப் போட்டதைப் பொறுக்கி வந்து சாவித்திரியின் வீட்டுக்காரர் பதித்தது. சில துண்டுகள் இவனே கழித்தவை.

"தென்றல், நான்..."

"லைட்டு கடைசியிலதான்டா போடுவாங்க. அது அரைகுறை படம். கேம் வந்ததும் நீயா கண்டுபுடிச்சி கத்துவன்னு சொல்லாம வச்சிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எடுத்துட்டேன்."

"எத?"

"சுவரத்தான். நானேதான் எடுக்கச் சொன்னேன். இங்க எல்லாரும் நல்லா இருக்குதுன்னாங்க. உன் கண்ணு தப்பாப் போவாதே."

5.

கன்சோல் வந்தது. வேப்பூரில் மச்சான் பிரவீன்குமார் வாங்கியிருந்தான். வெற்றிவேல் பஸ் பிடித்துப் போனான்.

அதே தெரு. ஈரத் தரையில் வெளிச்சம் ஓடியது. சுவர் இருந்த இடத்தில் வெள்ளையடித்த ஒரு பரப்பு. அதன் கீழே வேறு யாரோ செய்த ஒரு பீங்கான் தொட்டி. அதன் மெருகில் தெருவிளக்கு வழிந்தது. அந்தச் சுவர் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்தத் தொட்டி ஒன்று போதும்.

"இன்னா மச்சான், செவுத்த பாத்துக்கினு நிக்கற? பின்னால வரான் பாரு, சுடு!"

வெற்றிவேல் சுடவில்லை. திரை சிவந்து அணைந்தது.

"இதுக்கா வேப்பூர் வரைக்கும் வந்த?" என்றான் பிரவீன்குமார்.

6.

இனி முடிவு.

ஒன்று: வீடியோவை அழிக்கிறான். ஆனால் கேம் கம்பெனி பழைய படங்களை நீக்கிப் புதியவற்றைப் போட்டுவிட்டது. அந்தச் சுவரைத் திரை நிறையப் பார்க்க வேண்டுமானால் அவன் வீடியோ ஒன்றுதான் மிச்சம். அழித்தால் இரண்டாவது முறையும் அவனே இடித்ததாகும். விட்டுவைத்தால் அவன் குரல் அதன்மேல் இருந்துகொண்டே இருக்கும்.

இரண்டு: மன்னிப்புக் கேட்கிறான். "பரவால்லடா" என்கிறாள். [அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். அவளும் இதையேதான் சொன்னாள். அதன்பிறகு போன் வரவில்லை.]

மூன்று: ஒருநாள் தென்றல் கூப்பிட்டுச் சொல்கிறாள். "அத அழிச்சிடாதடா. சத்தத்த அமத்திட்டு அப்பப்ப பாத்துக்கறேன்."

மூன்றாவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை. அது வெற்றிவேலுக்காக எழுதிய வரியா, எனக்காகவா? தென்றலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவன் சொன்ன நாலு வரிப் பேச்சு. அதை வைத்து அவள் மன்னிப்பாள் என்று சொல்ல நான்...

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வெற்றிவேல் போனை என்னிடம் நீட்டினான். திரையில் அந்தச் சுவர். என் முதுகுக்குப் பின்னாலும் அதே சுவர்.

"நீங்க சொல்லுங்க சார். அழிச்சிடட்டுமா?"

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

அவன் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கும்போது மட்டும் சத்தத்தை அமர்த்திவிடுங்கள்.