ஏப்பம் குறைந்த மாடு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் யாருடையது என்பதைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரி இப்படி இருந்தது: ‘படூரில் கடற்காற்று வீசிய ஒரு காலையில்…’ வேண்டாம். காற்றில் தொடங்குகிறவன் எதையோ மறைக்கிறான்.

1976. கால்நடை ஆராய்ச்சியாளர் பார்த்தசாரதியிடம் நான் குறிப்பெழுதும் வேலையில் இருந்தேன். மாடு ஏப்பம் விட்டால் மீத்தேன் வாயு போகிறது, தின்ற தீனியில் ஒரு பங்கு அதோடு வீண். தவிட்டில் மீன் எண்ணெய் கலந்தால் வாயு குறையும், பால் கூடும் என்றார்.* சோதனைக்காகப் படூரில் பால் விற்கும் சந்திரம்மாவுக்கு ஒரு கலப்பினப் பசு கொடுத்தார்கள். சொன்னபடி செய்தால் வருடக் கடைசியில் பசு அவளுக்கே. இல்லாவிட்டால் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

* (பூமி சூடாவதைப் பற்றி அன்று எங்களில் யாரும் பேசவில்லை. பேசியதாக எழுதினால் நம்பாதீர்கள்.)

2

வாரம் ஒருநாள் மாட்டின் வாயில் ரப்பர் பை கட்டி வாயுவைப் பிடித்து அளப்போம். ஒருமுறை சந்திரம்மா கயிற்றைத் தளர்த்துவதைப் பார்த்துவிட்டேன். வாயு பாதிக்குமேல் வெளியே போயிற்று. எண்ணெய் டின்னைத் தேடினேன். எண்ணெய் அவள் தம்பி ராஜேந்திரனின் படகில் பூசியிருந்தது.

“இன்னா சார் பாக்குற? பால்ல கவுச்சி அடிக்குதுன்னு எவனும் வாங்க மாட்டேங்கிறான். பையைக் கட்னா மாடு அசை போட முடியாம முழிச்சிகினு கீது. நீ ஒண்ணும் பாக்கல, இன்னா?”

நான் ஒன்றும் பார்க்க… ‘வாயு பாதியாகக் குறைந்தது’ என்று எழுதினேன்.

[இரண்டாம் பிரதியில் இதற்கு இரக்கம் என்று காரணம் சொல்லியிருந்தேன். சோதனை வெற்றியானால் என் வேலை நிரந்தரம் என்பதைச் சொல்லவில்லை.]

3

நான் எழுதிய அந்த அளவை நம்பி, கோவளத்தில் இதே சோதனையில் இருந்த சைனம்பு வீட்டு மாட்டுக்குப் பார்த்தசாரதி எண்ணெயை இரட்டிப்பாக்கினார். சைனம்பு ஒரு சொட்டும் குறைக்கவில்லை. நாலாம் நாள் மாடு தீனியைத் தொடவில்லை. கழிச்சல். எழுந்திருக்கவும் இல்லை.

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன், எண்ணெய் நிற்கிறது, சந்திரம்மாவின் பசுவை ஓட்டிப்போகிறார்கள்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். சைனம்பு…

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சைனம்பு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னிடம்தான் கேட்டாள்.

“சந்திரம்மா மாட்டுக்கு ஒத்துக்கிச்சே சார். நீங்க சொன்னபடிதானே ஊத்துனேன்? நான் இன்னா தப்பு பண்ணேன்?”

பார்த்தசாரதி என் பக்கம் திரும்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. இதற்குமேல் எழுதமாட்டேன். நீங்கள் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.