கேட்காமல் துவைத்த சட்டை

அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பெரிய சலவைக் கடை ஒன்று திறந்த நாளிலிருந்து, அவள் தன் சின்னச் சலவைக் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். பேன்டைத் தேய்க்கக் கொடுத்தால் பிரிந்த தையலையும் போட்டுத் தருவாள். புடவை கொடுத்தவர்களுக்குப் பை இலவசம்.

"இப்படியே போனா, சட்டை கொடுக்க வர்றவங்களுக்கு முதுகும் தேச்சு விடுவே போலிருக்கு," என்பான் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டும் அவள் புருஷன்.

ஒருநாள் காலை, வயதான அம்மா ஒருவர் கட்டம் போட்ட நீலச் சட்டை ஒன்றை நீட்டினார்.

"மூணாவது பட்டன் விழுந்துடுச்சு. அதை மட்டும் வெச்சுக் கொடும்மா."

அந்த 'மட்டும்' அவள் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. காலரின் உட்புறம் கறுத்த கோடு இருந்தது. பாவம், வயதானவர், துவைக்கத் தெம்பில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பட்டனை வைத்த கையோடு சட்டையை வாளியில் அமுக்கினாள். முங்கும்போது குப்பென்று ஒரு வாசனை எழுந்தது. புதினா மிட்டாய், தலைக்கு வைக்கும் எண்ணெய், கூடவே இன்னதென்று சொல்லத் தெரியாத ஒன்று. அடுத்த நொடி நுரை மூடிவிட்டது.

மறுநாள் அந்த அம்மா உறையைப் பிரித்தார். பட்டனைப் பார்க்கவில்லை. சட்டையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"துவைச்சிட்டியாம்மா?"

"ஆமாங்கம்மா. அதுக்குக் காசெல்லாம் வேணாம்."

"அவர் கடைசியா போட்டிருந்த சட்டை," என்றார். குரலில் கோபமே இல்லை. பட்டனுக்கான காசை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கோபப்பட்டிருந்தால் அவள் மனம் ஆறியிருக்கும். மூன்றாம் நாள், யாரோ ஒருவருடைய பேன்டிலிருந்து ஆவி எழும்பியபோது அந்தப் புதினா வாசனை வந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கடையில் யாருமில்லை. பிறகு அது தினமும் வந்தது. அலமாரியைத் திறந்தால் வந்தது, உலர்ந்த துணியை உதறினால் வந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ பொறுமையாக நிற்பது போலவே இருக்கும்.

"உனக்கு வருதா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"எனக்கு உன் சோப்பு நாத்தந்தான் வருது," என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு. இல்லேன்னா இது உன்னை விடாது."

ரசீதுப் புத்தகத்தில் விலாசம் இருந்தது. கதவைத் திறந்த அம்மா அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவள் மன்னிப்பை முடிக்கக்கூட விடவில்லை.

"துவைக்கும்போது மோந்து பார்த்தியா?"

"பார்த்தேங்கம்மா."

"எப்படி இருந்துச்சு, சொல்லு. எனக்கு மறந்துகிட்டே வருது."

அவள் சொன்னாள். புதினா மிட்டாய், எண்ணெய். அந்த மூன்றாவதைச் சொல்ல வார்த்தைக்குத் தடுமாறி, "வெயில்ல காஞ்ச பழைய பேப்பர் மாதிரி" என்றாள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, அதான், அதேதான்" என்றார். கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அடுத்த வாரமும் வர்றியா?"

போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். உலகத்திலேயே அந்த வாசனை தெரிந்தவர்கள் தாங்கள் இருவர்தான் என்ற நினைப்பு அவளைக் கட்டிப் போட்டிருந்தது. ஆனால் நான்காவது வாரம் கடையில் அது வரவே இல்லை. அலமாரியைத் திறந்து திறந்து மூடினாள். புதினா மிட்டாய் வாங்கி முகர்ந்து பார்த்தாள். அது வெறும் மிட்டாயாகத்தான் இருந்தது. எது வேண்டாமென்று ஓடினாளோ, அதையே தேடித் தவித்தாள்.

அந்த வீட்டு வாசலில் நின்றபோது, போன வாரம் சொன்னதையே ஒப்பித்துவிடலாம் என்று வாயெடுத்தாள். அவருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"எனக்கும் போயிடுச்சுங்கம்மா. இனிமே சொன்னா பொய்தான் சொல்லணும்."

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கூடத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"அப்போ அவர் கிளம்பிட்டார்," என்றார். "சரி, நீ உள்ள வா."