தலைமை டாக்டரே செய்தார்

கலியமூர்த்தி மாமா நாசமாய்ப் போகட்டும். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன்தான். அதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

என் வீட்டுக்காரர் தெய்வநாயகத்துக்கு வலது கண் தூண்டில் முள் பட்டு எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணை வைத்துக்கொண்டுதான் கனகசெட்டிக்குளத்தில் படகு ஓட்டினார். அந்தக் கண்ணிலும் ஓரமாய்க் கறுப்புப் படுதா இறங்குகிறது என்று ஒரு நாள் சொன்னார். அடித்துப் பிடித்துக்கொண்டு பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

பூர்ணிமா என்ற டாக்டரம்மா பார்த்தார். ஒல்லி உடம்பு, சின்ன வயது.

"கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கற விழித்திரை பிரிஞ்சிட்டு வருதும்மா. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. இன்னைக்கே ஆப்பரேஷன் பண்ணா பார்வையக் காப்பாத்திடலாம்."

அவர் போனதும் நர்ஸ் மாலா என் காதருகே வந்தாள். "பயப்படாதக்கா. இங்க விழித்திரைன்னா இவங்க கைதான். தினம் பண்றாங்க." எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பக்கத்துக் கட்டிலில் கொளஞ்சி என்று ஓர் அம்மா. வயல் வேலை செய்கிறவள். அவளுக்கும் இதே கோளாறு, அவளுக்கும் அன்றைக்கே ஆப்பரேஷன்.

அப்புறம் வந்தார் மாமா, வெள்ளை வேட்டியும் கட்சிக் கரைத் துண்டுமாக. பூர்ணிமாவைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இந்தப் பொண்ணா பண்ணப் போவுது? என் தம்பிக்கு இருக்கறது ஒத்தக் கண்ணு. கடல்ல சுக்கான நரைச்சவன்தான் புடிப்பான். தெரியும்ல?"

"மாமா, அந்த நர்சு சொல்லுச்சு, இவங்கதான்..."

"நீ சும்மா இரு. பொம்பளைக்கு என்னா தெரியும்?"

என் வீட்டுக்காரரோ, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அட மனுஷா!

மாமா தன் கட்சித் தலைவருக்குப் போன் போட்டார். சற்று நேரத்தில் தலைமை டாக்டர் ஹரிகிருஷ்ணனே வார்டுக்கு வந்துவிட்டார். தலை பஞ்சாய் நரைத்திருந்தது. "உங்க தலைவர் பேசினாரு. நானே பண்றேன்" என்றார்.

பூர்ணிமா குரலைத் தாழ்த்திச் சொன்னதை நான் கேட்டேன். "சார், நீங்க விழித்திரை கேஸ் பண்ணி ரொம்ப வருஷம் ஆச்சு."

"உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தாம்மா."

அதோடு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கொளஞ்சிக்கு ஆப்பரேஷன் பண்ணப் போய்விட்டது.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். கொளஞ்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மங்கலாத்தான் இருக்கு. ஆனா உன் மூக்குத்தி தெரியுதுடி." என் வீட்டுக்காரர் ஒரே புகையாக இருக்கிறது என்றார். போகப் போகத் தெளியும் என்று தலைமை டாக்டர் தோளைத் தட்டினார். தெளியவில்லை. ஒட்டிய இடமெல்லாம் மறுபடி பிரிந்து சுருங்கிவிட்டது. பூர்ணிமாதான் திரும்பவும் ஆப்பரேஷன் செய்தார்.

"ஒட்ட வெச்சிட்டேன். ஆனா நடுப்பகுதி செத்துப்போச்சும்மா. இதுல முதல் ஆப்பரேஷன்தான் எல்லாமே." வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும். அவ்வளவுதான் என் புருஷனுக்கு மிச்சம்.

ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டாப்பிலேயே ஒரு பெரிய பேனர். முதல் ஆப்பரேஷன் அன்றைக்கே மாமா அடிக்கச் சொல்லிவிட்டாராம். "பார்வை தந்த தெய்வத்துக்கு நன்றி!" நடுவில் தலைவர், ஒரு பக்கம் தலைமை டாக்டர், இன்னொரு பக்கம் மாமா. என் வீட்டுக்காரர் படம் கீழே மூலையில்.

"இதக் கிழிச்சுப் போடுங்க மாமா. கண்ணு போயிடுச்சு" என்று கத்தினேன்.

"இப்பப் போயி குறை சொன்னா தலைவர் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? ஒரு போட்டோ கேட்டிருக்காரு. அத அனுப்பிட்டுப் பேசிக்கலாம்."

தம்பியின் தோளைப் பிடித்து பேனருக்குக் கீழே நிறுத்தினார். செல்லைத் தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாரு நாயகம். கொஞ்சம் சிரி."

"எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டு, ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார் என் வீட்டுக்காரர்.

"பரவால்ல, அப்படியே நில்லு" என்றார் மாமா. "கறுப்புக் கண்ணாடிதான போட்டிருக்க. ஒண்ணும் தெரியாது."