சலூன்காரரின் மாத்திரை

தலை வழுக்கையானால் தொழிலும் சறுக்கிவிடும் என்று அஞ்சினார் சலூன்காரர். ஆகவே முடி கொட்டாதிருக்க ஆண்டுக்கணக்கில் ஒரு மாத்திரையை விழுங்கினார்; கேட்டவரிடமெல்லாம் எண்ணெய் என்றார். உண்மை அறிந்தவன் ஒருவனே: அடுத்த நாற்காலியில் முடிவெட்டும் மைத்துனன். ஐம்பதைக் கடந்த அவனுக்கும் அதைப் பழக்கியவர் அவர்தான்.

சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டு மருத்துவரிடம் போனார். புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை இயல்பு என்றது.

“வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“எதுக்கும் ஆசனவாய் வழியா விரலால ஒரு தடவை தொட்டுப் பாத்துடறேன்.”

“ரத்தமே சரின்னு சொல்லுது, அப்புறம் எதுக்கு டாக்டர்?” என்று எழுந்தார். ஊரார் தலைகளையெல்லாம் உரிமையோடு பிடித்துத் திருப்பிய கை அவருடையது. தம் உடலை இன்னொரு கை தொட அவர் இடந்தரவில்லை. மானம் காத்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்.

பிறகு முதுகு வலித்தது. நின்றே செய்யும் தொழில், வலிக்காதா என்றிருந்தார். நிற்கவே முடியாமற்போன நாளில் எடுத்த ஸ்கேன், புற்றுநோய் எலும்புவரை பரவியதைக் காட்டியது. சவர அலமாரியில் கண்டெடுத்த மாத்திரை அட்டையை மனைவி மருத்துவரின் மேசைமேல் வைத்தாள்.

“இது ரத்தத்துல புராஸ்டேட் அளவைப் பாதியாக் குறைச்சுக் காட்டிடும். சொல்லியிருந்தா வந்த எண்ணை இரட்டிப்பாக்கிப் பாத்திருப்பேன்.”

“இப்ப?”

“தள்ளிப்போடலாம். குணமாக்க முடியாது.”

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: “எங்கிட்ட நீங்க மறைச்சது வழுக்கையையா, உயிரையா?”

மறுநாள் தடியூன்றிக் கடைக்கு வந்து மைத்துனனை ஓரமாக அழைத்தார்.

“மாப்ளே, நீயும் போய்க் காட்டிடு. மாத்திரையைச் சொல்லிடு. விரலால பாக்கணும்னா பேசாம படுத்துடு.”

“அதுக்கு வேற ஆளைப் பாருங்க மாமா. நானும் டெஸ்ட் எடுத்தாச்சு, என் ரத்தம் நார்மல்.”

“எனக்கும் நார்மல்தான்டா.”

நாற்காலியில் வந்தமர்ந்த வாடிக்கையாளர் கண்ணாடியில் சலூன்காரரின் தலையைப் பார்த்தார். “இந்த வயசுல இப்படி ஒரு முடியா? அப்படி என்ன எண்ணெய்ண்ணே?”

மைத்துனனின் கண்கள் கண்ணாடி வழியே கெஞ்சின. ஆயினும் சலூன்காரர் வாய் திறந்தார்.

“எண்ணெய் இல்லீங்க. மாத்திரை. அதுதான் என் நோயை மறைச்சிடுச்சு. இவனும் சாப்பிடறான்.”

“மாமா தமாஷ் பண்றாரு,” என்றான் மைத்துனன்.

கடையே சிரித்தது. அவன் சீப்பை எடுத்து, தன் முன்முடியை ஒருமுறை சீவிப் பார்த்துக்கொண்டான்.